ஆந்தைக்காகக் குழிக்குள் இறங்கிய சிறுவன்... அந்தக் கதையை நம்ம டெல்டா வயல் வரப்பில் உட்கார்ந்து படித்தால்?

ஒரத்தநாடு பக்கத்தில் இருக்கும் எங்கள் அப்பாயி வீட்டில், விளக்கு வைத்த பிறகு 'ஆந்தை' என்ற வார்த்தையைச் சொல்லக் கூடாது. 'அது' என்றுதான் சொல்ல வேண்டும். கொல்லையில் ஒரு பழைய புளியமரம். அதிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வந்தால் போதும், "அது கத்துது, உள்ள வா பாப்பா" என்று என் கையைப் பிடித்து இழுத்துப் போவார். ஒரு பிடி உப்பை அள்ளி அடுப்பில் போடுவார். அது படபடவென்று வெடிக்கும். எனக்கு ஆந்தையைவிட அந்த உப்புச் சத்தம்தான் பயம்.

அந்தப் பயம் பத்து வயதுவரை இருந்தது. அதைக் குறைத்தது ஓர் அமெரிக்க சிறுவர் நாவல். இப்போது விடுமுறையில் பிள்ளைகளுக்கு என்ன புத்தகம் வாங்கிக் கொடுக்கலாம் என்று அலுவலகத்தில் பேச்சு வந்ததும் அதே நாவலைத் திரும்ப எடுத்தேன். இந்த முறை சென்னை அறையில் இல்லை, சம்பா வயல் ஓரத்தில் உட்கார்ந்து படித்தேன். சிறுவயதில் கண்ணில் படாத பல விஷயங்கள் இப்போது பட்டன.

நாவலின் பெயர் 'ஹூட்'. எழுதியவர் கார்ல் ஹயாசென். ஃப்ளோரிடா மாநிலத்துக்காரர், 'மயாமி ஹெரால்ட்' நாளிதழில் பல ஆண்டுகள் பத்தி எழுதியவர். பெரியவர்களுக்கான கிண்டல் கலந்த குற்ற நாவல்களை எழுதிக்கொண்டிருந்தவர், சிறுவர்களுக்காக எழுதிய முதல் புத்தகம் இதுதான். 2002-ல் வந்தது. அடுத்த ஆண்டே அமெரிக்காவின் முக்கியமான சிறுவர் இலக்கிய விருதான நியூபெரியின் 'ஹானர்' பட்டியலில் இடம்பிடித்தது. 2006-ல் சினிமாவாகவும் வந்தது.

கதை இதுதான். ராய் என்ற பையன், அப்பாவின் அரசு வேலை மாற்றலால் மலைநாடான மொன்டானாவிலிருந்து ஃப்ளோரிடாவின் ஒரு சின்ன ஊருக்கு வருகிறான். புதுப் பள்ளி. நண்பர்கள் இல்லை. பள்ளிப் பேருந்தில் ஒரு முரடன் தினமும் அவன் முகத்தை ஜன்னல் கண்ணாடியில் அழுத்திவைத்து வேடிக்கை பார்க்கிறான். அப்படி அழுந்திய நிலையில்தான் ஒருநாள் வெளியே அந்தக் காட்சியைப் பார்க்கிறான். செருப்பு இல்லாமல், புத்தகப் பை இல்லாமல் ஒரு சிறுவன் காற்றாக ஓடிக்கொண்டிருக்கிறான். யார் அவன்? ஏன் பள்ளிக்குப் போகவில்லை?

அந்தச் சிறுவனுக்கு ஊரில் வைத்த பெயர் 'மல்லெட் ஃபிங்கர்ஸ்'. மல்லெட் என்றால் நம்ம ஊர் மடவை மீன். வெறும் கையாலேயே மடவையைப் பிடித்துவிடுவான் என்பதால் அந்தப் பெயர். மடவை எவ்வளவு வழுக்கும், எப்படித் துள்ளும் என்று அதிராம்பட்டினம் பக்கத்துப் பிள்ளைகளைக் கேட்டால் தெரியும். அவர்களுக்கு இந்தப் பையன் மீது உடனே மரியாதை வந்துவிடும்.

ஊரில் ஒரு காலி மனை. அங்கே பெரிய ஹோட்டல் கம்பெனி ஒன்று தன் பான்கேக் கடையைக் கட்டப் போகிறது. அந்த மனையில் தரைக்குள் வளை தோண்டி வாழும் குட்டி ஆந்தைகள் இருக்கின்றன. புல்டோசர் வந்தால் வளையோடு புதைந்துவிடும். இது யாருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் தெரியாததுபோல இருக்கிறார்கள். மடவைக்காரப் பையன் மட்டும் ராத்திரியில் போய் அளவுக்கல்லைப் பிடுங்கி எறிகிறான். தற்காலிகக் கழிவறைக்குள் முதலையை விடுகிறான். காவலுக்கு வந்த போலீஸ்காரர் காருக்குள் அசந்து தூங்கும்போது கார் கண்ணாடி முழுக்கக் கறுப்பு பெயின்ட் அடித்துவிடுகிறான். அவன் அக்கா முறையாகும் பியாட்ரிஸ் என்ற கால்பந்து வீராங்கனையும் ராயும் அவனோடு சேர்கிறார்கள்.

(முடிவு தெரிந்தால் சுவை கெட்டுவிடும் என்று நினைப்பவர்கள் அடுத்த இரண்டு பத்தியைத் தாண்டிவிடுங்கள்.)

சிறுவயதில் படித்தபோது முதலையும் பாம்பும்தான் எனக்குக் கதை. இப்போது படிக்கும்போது என் கண் நின்ற இடம் வேறு. ராய்க்கு அந்தச் சேட்டைகள் பிடிக்கவில்லை. ஆந்தை சாகக் கூடாது, ஆனால் சட்டத்தை மீறுவதும் சரியா என்று அவனுக்குள் ஓர் இழுபறி. அவன் போகும் வழி காகிதத்தின் வழி. நூலகத்தில் உட்கார்ந்து ஆந்தையைப் பற்றிப் படிக்கிறான். கட்டட அனுமதிக் கோப்பு யாரிடம் இருக்கிறது என்று கேட்டு நகராட்சி அலுவலகத்துக்கே போகிறான். கோப்பு இல்லை என்கிறார்கள். சட்டம் படித்த அவன் அப்பா பிறகு அந்தக் கோப்பைத் தேடுகிறார். அதில் இருந்திருக்க வேண்டிய சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கை மட்டும் காணாமல் போயிருக்கிறது. அந்த அறிக்கையில் ஆந்தைகள் இருப்பது எழுதப்பட்டிருந்தது. கடைசியில் அது எங்கே கிடைக்கிறது தெரியுமா? நகரசபை உறுப்பினர் ஒருவரின் கோல்ஃப் பையில்!

பூமிபூஜை மாதிரி நடக்கும் தொடக்க விழா அன்று, மடவைக்காரப் பையன் தலை மட்டும் வெளியே தெரிய ஒரு குழிக்குள் இறங்கி நின்றுகொள்கிறான். ராய் தன் வகுப்பில் எழுந்து பேசியதைக் கேட்டுப் பிள்ளைகள் கூட்டமாக வந்திருக்கிறார்கள். அவனைச் சுற்றிக் கைகோத்து நிற்கிறார்கள், பாடுகிறார்கள். அப்போது ஒரு குட்டி ஆந்தை பறந்து வந்து அவன் தலை மேலேயே உட்கார்கிறது. புல்டோசர் நின்றுவிடுகிறது.

எனக்கு ஒரு குறை உண்டு. வாயில் டேப் ஒட்டிய விஷப்பாம்புகளைக் காவல்நாய்களை விரட்டுவதற்காகக் கொண்டுவந்து விடும் காட்சியைச் சிரிப்பாக எழுதியிருக்கிறார். ஆந்தையைக் காப்பாற்றப் பாம்பின் வாயைக் கட்டுவது என்ன நியாயம்? நல்லபாம்பும் கண்ணாடி விரியனும் வரப்பில் குறுக்கே ஓடும் ஊரில் பிறந்த நமக்கு அது சிரிப்பாகவும் இல்லை. பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கும் பெற்றோர் அந்த அத்தியாயத்தில் ஒரு நிமிடம் நின்று பேசிவிட்டுத் தாண்டுவது நல்லது.

நம்ம ஊர் வில்லன் யார்?

நாவலில் வில்லனைக் கண்டுபிடிப்பது சுலபம். கோட் போட்டிருப்பார், செல்போனில் கத்துவார். நம்ம டெல்டாவில் ஆந்தைக்கு வில்லன் யார் என்று கேட்டால் பதில் அவ்வளவு லேசாக வராது.

முதலில் எலியைப் பார்க்க வேண்டும். குறுவையோ சம்பாவோ தாளடியோ, பயிர் தூர் கட்டும் காலத்திலேயே எலி இறங்கிவிடும். பொதிப் பருவத்தில் தண்டைச் சாய்வாக வெட்டிப் போடும். அதன் முன்பல் வளர்ந்துகொண்டே இருக்கும் என்பதால், பசி இல்லாவிட்டாலும் எதையாவது கடித்துத் தேய்த்தாக வேண்டும். கதிர் முற்றினால் கதிரையே அறுத்து வளைக்குள் சேர்த்துவைக்கும். அறுவடை முடிந்த வயலில் எலி வளையைத் தோண்டி அந்த நெல்லை எடுத்துப் போகும் குடும்பங்களை டெல்டாவில் பார்க்கலாம். எலி எவ்வளவு எடுக்கிறது என்பதற்கு அதைவிட வேறு கணக்கு வேண்டுமா?

கடன் வாங்கி நடவு போட்டவர் சும்மா இருக்க மாட்டார். எலிக்கு டெல்டாவில் பல வைத்தியம் உண்டு. அதில் பழையது கிட்டி. மூங்கிலை வில்லாக வளைத்து, கயிறு கட்டி, இரை வைத்துச் செய்யும் பொறி. வேளாண் புத்தகங்களில்கூட அதற்கு 'தஞ்சாவூர் கிட்டி' என்றுதான் பெயர். தலையாட்டி பொம்மைக்கும் வீணைக்கும் தட்டுக்கும் நம்ம ஊர் பெயர் ஒட்டியிருப்பது எல்லோருக்கும் தெரியும், எலிப்பொறிக்கும் ஒட்டியிருப்பது பலருக்குத் தெரியாது! சாயங்காலம் வரப்போரம் வரிசையாகக் கிட்டி வைத்துவிட்டுப் போவார்கள். விடிந்ததும் வந்து எண்ணி எடுப்பார்கள். இந்தத் தொழில் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

அடுத்தது விஷம். துத்தநாக பாஸ்பைடு, புரோமோடையலான் என்று கடையில் கேட்டால் கிடைக்கும். அதைவிட மோசம், எலிக்காகத் திருட்டுத்தனமாக வயலைச் சுற்றி மின்சாரக் கம்பி இழுப்பது. எலிக்கு வைத்த கம்பியில் விவசாயியே சிக்கி இறந்தார் என்ற செய்தியை எங்கள் டெஸ்க்கில் மறுபடி மறுபடி டைப் செய்திருக்கிறோம். ஒவ்வொரு முறையும் ஊர் பெயர்தான் மாறும்.

ராத்திரியில் சம்பளமே இல்லாமல் இதே வேலையைச் செய்ய ஓர் ஆள் இருக்கிறது. கூகை.

வெளிறிய முகம், இதய வடிவம், கறுப்புக் கண். பழைய கட்டடத்திலும் கோபுர மாடத்திலும் மரப் பொந்திலும் குடியிருக்கும். எலிதான் அதற்குப் பிரதான சாப்பாடு. மயிலாடுதுறை பக்கத்தில் மன்னம்பந்தலில் இருக்கும் ஏ.வி.சி. கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் படிப்பு உண்டு. அங்கிருந்தவர்கள் காவிரி டெல்டாவின் கூகைகள் என்ன சாப்பிடுகின்றன என்று பல ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்தார்கள். எப்படித் தெரியுமா? ஆந்தை துப்பியதைப் பொறுக்கி!

ஆந்தை எலியை அப்படியே விழுங்கிவிடும். செரிக்காத எலும்பும் மயிரும் வயிற்றில் ஓர் உருண்டையாகச் சேரும். அதைத் திரும்ப வாய்வழியே கக்கிவிடும். மரத்தடியில் கறுப்பாக, கட்டைவிரல் மாதிரிக் கிடக்கும். அந்த உருண்டையைப் பிரித்தால் உள்ளே மண்டை ஓடு, தாடை, விலா எலும்பு எல்லாம் உடையாமல் கிடைக்கும். மண்டை ஓட்டை எண்ணினால் எத்தனை எலி என்று கணக்கு வந்துவிடும். டெல்டா கூகைகளின் உருண்டையில் பெரும்பாலும் இருந்தவை வயலைக் கெடுக்கும் எலிகளும் சுண்டெலிகளும்தான்.

இருட்டில் எப்படிப் பிடிக்கிறது? கூகையின் இரண்டு காதுகளும் ஒரே உயரத்தில் இல்லை. ஒன்று கொஞ்சம் மேலே, ஒன்று கொஞ்சம் கீழே. அதனால் சத்தம் எந்தத் திசையில், எந்த உயரத்தில் என்று இரண்டையும் கணித்துவிடும். ரோஜர் பெய்ன் என்ற அமெரிக்க விஞ்ஞானி, துளி வெளிச்சம்கூட இல்லாத அறையில் கூகையை விட்டுப் பார்த்தார். தரையில் காய்ந்த இலை மேல் எலி ஓடும் சரசரப்பை மட்டும் கேட்டுப் பாய்ந்து பிடித்தது. (திமிங்கிலங்கள் பாடுகின்றன என்று பிற்பாடு உலகத்துக்குச் சொன்னவரும் இதே பெய்ன்தான்.) அதன் இறகின் விளிம்பு சீப்புப் பல் மாதிரி இருப்பதால் பறக்கும் சத்தமும் எலிக்குக் கேட்காது.

நாவலில் வரும் ஆந்தை கூகை இல்லை, அது அமெரிக்காவின் வளை ஆந்தை. ஆனால் நம்ம ஊரில் அதற்கு ஒரு பங்காளி இருக்கிறது. அந்தி நேரத்தில் கரண்ட் கம்பியில் ஜோடியாக உட்கார்ந்து, தலையை ஆட்டி ஆட்டி நம்மை முறைக்குமே, புள்ளி ஆந்தை. இரண்டுக்கும் விஞ்ஞானிகள் வைத்த பேரினப் பெயர் 'அத்தீன்'. கிரேக்க அறிவுத் தெய்வம் அத்தீனாவின் பெயர் அது. அங்கே அறிவுக்கு அடையாளமாக இருந்த பறவை, இங்கே எப்படிச் 'சாக்குருவி' ஆனது?

நம்ம ஆட்களும் எப்போதும் வெறுத்தவர்கள் இல்லை. சங்கப் புலவர் ஒருவரின் பெயரே கூகைக்கோழியார். புறநானூற்றில் அவர் பாட்டு இருக்கிறது. திருக்குறளில் காலமறிதல் அதிகாரத்தில் காக்கையும் கூகையும் வருகின்றன. பகலில் காக்கையிடம் தோற்கும் என்றால் இரவில் அதுதான் ராஜா என்ற அர்த்தமும் அதற்குள் இருக்கிறது அல்லவா?

ஒரு குச்சி போதும்

வயல் நடுவில் மரம் இருக்காது. ஆந்தைக்கு உட்கார்ந்து காது கொடுக்க ஓர் இடம் வேண்டும். அதற்காகவே டெல்டாவில் தென்னை மட்டையைத் தலைகீழாக ஊன்றிவைக்கும் பழக்கம் பெரியவர்களிடம் இருந்தது. இப்போது வேளாண் துறை அதையே பறவை தாங்கி என்று சொல்லி, டி வடிவக் குச்சியாக நட்டுவைக்கச் சொல்கிறது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் நெல் பரிந்துரையில் ஹெக்டேருக்கு 40 முதல் 50 ஆந்தைத் தாங்கிகள் என்று இருக்கிறது. பகலில் அதில் கரிச்சானும் மைனாவும் உட்கார்ந்து பூச்சி பிடிக்கும். ராத்திரி ஷிஃப்ட் ஆந்தைக்கு.

சிக்கல் எங்கே என்றால், ஒரே வயலில் குச்சியும் இருக்கிறது, விஷமும் இருக்கிறது. விஷம் தின்ற எலி உடனே சாகாது. புரோமோடையலான் மாதிரியான மருந்தில் சில நாள் தள்ளாடிக்கொண்டு திரியும். தள்ளாடும் எலிதான் ஆந்தைக்குச் சுலபமான இரை. அந்த விஷம் ஆந்தைக்கும் போகிறது. ஒரு கையால் நாற்காலி போட்டு, மறு கையால் விஷம் பரிமாறுகிறோம்.

வீடும் போய்க்கொண்டிருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கங்களில் தென்னை மட்டும் விழவில்லை. பொந்து விழுந்த பழைய புளியும் வேம்பும் ஆலும் சேர்ந்து விழுந்தன. எங்கள் அப்பாயி வீட்டுப் புளியமரமும் அன்றைக்குத்தான் போனது. தென்னங்கன்றைத் திரும்ப நட்டுவிட்டார்கள். பொந்துள்ள மரம் வர ஒரு தலைமுறை ஆகும். ஓட்டு வீடுகளும் பழைய நெல் குதிர் அறைகளும் போய் கான்கிரீட் வந்ததிலும் கூகைக்கு இடம் குறைந்தது.

இதற்கு ஒரு வழியை வேறொரு நாட்டில் கண்டுபிடித்தார்கள். இஸ்ரேலில் சதே எலியாஹு என்ற கூட்டுப் பண்ணையில் 1980-களில் வயலோரம் மரப்பெட்டிகளைக் கம்பத்தில் பொருத்தி, கூகைக்கு வீடு கட்டிக் கொடுத்தார்கள். பறவையியலாளர் யோசி லெஷெம் அதை நாடு முழுக்கக் கொண்டுபோனார். பின்னர் எல்லை தாண்டி ஜோர்டானும் சேர்ந்தது. ஜோர்டான் விவசாயிகளுக்கும் நம்ம அப்பாயி மாதிரியே ஆந்தை என்றால் கெட்ட சகுனம். மன்சூர் அபு ரஷீத் என்ற ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிதான் அவர்களிடம் போய்ப் பேசினார். சண்டைக்காரர்களாக இருந்த இரண்டு நாடுகளின் ஆட்களை ஒரே மேஜையில் உட்காரவைத்தது ஒரு எலிப்பிடிப்பான் பறவை. மலேசியாவில் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களிலும் இதே மாதிரிப் பெட்டிகள் இருக்கின்றன.

புத்தகம் கெடுதலும் செய்யும்

சிறுவர் புத்தகம் என்றாலே பிள்ளைகளுக்கு இயற்கைப் பாசம் வந்துவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. 2010 நவம்பரில், வனஉயிர் வணிகத்தைக் கண்காணிக்கும் 'டிராஃபிக்' அமைப்பின் இந்திய ஆந்தைகள் பற்றிய அறிக்கை வெளியானது. தீபாவளிச் சமயத்தில் மாந்திரீகத்துக்காக ஆந்தைகள் பிடிக்கப்படுவதை அது விவரித்தது. அந்த விழாவில் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் இன்னொரு காரணத்தையும் சொன்னார்: ஹாரி பாட்டர். அந்தக் கதையில் ஹாரியிடம் ஒரு வெள்ளை ஆந்தை இருக்கும். அதைப் படித்த, பார்த்த நகரத்துப் பிள்ளைகளுக்கு ஆந்தையைப் பரிசாக வாங்கிக் கொடுக்கும் மோகம் வந்திருக்கிறது என்றார்.

'ஹூட்' இந்த இடத்தில் வேறு மாதிரி. ராய் ஒரு தடவைகூட ஆந்தையைக் கையில் எடுப்பதில்லை. வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை, பெயர் வைப்பதில்லை. அம்மாவின் கேமராவைக் கொடுத்து போட்டோ எடுக்கச் சொல்கிறான். வந்த போட்டோவும் மங்கலாகத்தான் இருக்கிறது. அந்த மங்கல் போட்டோவோடுதான் பெரியவர்கள் முன்னால் போய் நிற்கிறான். எனக்கு இந்த நாவலிலேயே அதிகம் பிடித்த விஷயம் அந்த மங்கல் போட்டோதான். நிரூபிக்க முடியாத ஓர் உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு பேச எவ்வளவு தைரியம் வேண்டும்!

இன்னொன்று, இதில் பெரியவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் இல்லை. தூங்கிப்போய் அவமானப்பட்ட போலீஸ்காரர் மெல்ல மெல்லப் பிள்ளைகள் பக்கம் சாய்கிறார். ஆனால் முதல் அடி எப்போதும் பிள்ளைகளிடமிருந்து வருகிறது.

இதெல்லாம் கதையில் நடக்கும், நிஜத்தில் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு நம்ம மாநிலத்திலேயே பதில் இருக்கிறது. 1988-ல் சென்னையில் சில மாணவர்கள் சேர்ந்து கடலாமைகளுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்களுக்கு முன்பே, 1970-களில் ரோமுலஸ் விட்டேக்கரும் அவரோடு சேர்ந்த இளைஞர்களும் அதே மணலில் நடந்திருக்கிறார்கள். ஜனவரி முதல் ராத்திரிகளில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை சுமார் 7 கிலோமீட்டர் மணலில் நடப்பது அவர்கள் வேலை. பங்குனி ஆமை கரையேறி முட்டையிட்டுப் போன தடத்தைக் கண்டுபிடித்து, நாயும் ஆளும் எடுப்பதற்கு முன் முட்டைகளைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றிப் புதைப்பார்கள். ஒரு கூட்டில் நூறுக்கு மேல் முட்டை இருக்கும். ஒன்றரை மாதம் கழித்துக் குஞ்சு வெளியே வந்ததும் கடல்வரை போய் விடுவார்கள். தொடங்கிய மாணவர்கள் இப்போது நடுத்தர வயதைத் தாண்டிவிட்டார்கள். நடை நிற்கவில்லை. அவர்களில் ஒருவரான கார்த்திக் சங்கர் இன்று இந்தியாவின் முக்கியமான கடலாமை விஞ்ஞானிகளில் ஒருவர்.

டெல்டா கடற்கரைக்கும் பங்குனி ஆமை வருகிறது. வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் வனத்துறை பொரிப்பகங்கள் வைத்திருக்கிறது. ஆனாலும் 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கிய படங்களை நாமெல்லாம் போனில் பார்த்தோம். இழுவை வலையில் மாட்டினால் ஆமையால் மேலே வந்து மூச்சுவிட முடியாது. 37 வருடம் நடந்தும், கடலுக்குள் நடப்பதை மணலில் நடப்பவர்களால் தடுக்க முடியவில்லை. நாவலில் இருநூறு சொச்சம் பக்கத்தில் ஜெயித்துவிடுகிறார்கள். நிஜத்தில் பக்கங்கள் தீர மாட்டேன் என்கின்றன.

இந்த விடுமுறையில்...

புத்தகம் படித்து முடித்த பிள்ளை "நாம என்ன செய்யலாம்?" என்று கேட்டால் முதலையைத் தேடிப் போகவிடாதீர்கள். டெல்டாவில் அதைவிடச் சுவாரஸ்யமான வேலை இருக்கிறது.

ஊரில் பழைய மரத்தடியிலோ பாழடைந்த கட்டடத்திலோ வெள்ளையாக எச்சம் வழிந்த இடத்தைப் பாருங்கள். அதன் கீழே உருண்டை கிடக்கிறதா என்று தேடுங்கள். கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு எடுத்து வாருங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, குச்சியால் மெதுவாகப் பிரித்தால் எலும்புகள் தனியாக வரும். கறுப்பு சார்ட்டில் ஒட்டினால் அறிவியல் கண்காட்சிக்கு ஆச்சு. முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும், இதில் சமரசம் கிடையாது.

கூட்டுக்குக் கிட்டே போகாதீர்கள், டார்ச் அடிக்காதீர்கள். குஞ்சு கீழே விழுந்து கிடந்தால் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வராமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். ஆந்தைகள் 1972-ம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. பிடிப்பதும் வளர்ப்பதும் விற்பதும் குற்றம்.

வீட்டில் வயல் இருந்தால், அப்பாவிடமோ தாத்தாவிடமோ இந்த சம்பாவில் குச்சி நடலாமா என்று கேட்கலாம். கூடவே, விஷத்துக்குப் பதில் கிட்டி வைக்க ஆள் கிடைக்குமா என்றும் கேட்கலாம். இரண்டாவது கேள்விக்கு வீட்டில் ஒரு பெருமூச்சு வரும். ஆள் கிடைப்பதில்லை, கூலி கட்டுவதில்லை என்பார்கள். அது நியாயமான பெருமூச்சுதான். ராய் மாதிரி அடுத்து யாரிடம் கேட்கலாம் என்று யோசிக்க வேண்டியதுதான். வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்கலாம்.

தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகும் பாதையில் வடுவூர் ஏரி இருக்கிறது. 1999 முதல் பறவைகள் சரணாலயம். 2022-ல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. தண்ணீர் இருக்கும் மாதங்களில் ஒரு சாயங்காலம் போய்வரலாம். தமிழில் துப்பறியும் நாவல்களை நூற்றாண்டுக்கு முன்பே எழுதிக் குவித்த வடுவூர் துரைசாமி அய்யங்காரின் ஊர் அது. காணாமல் போன ஒரு கோப்பைத் தேடும் கதையைப் படித்துவிட்டுப் போக அதைவிடப் பொருத்தமான ஊர் வேறு எது?

போன வாரம் அப்பாயி வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்துத் தெருவில், ஆள் இல்லாத பழைய ஓட்டு வீட்டுத் திண்ணையில் இரண்டு உருண்டைகள் கிடைத்தன. கொல்லையில் உட்கார்ந்து ஒன்றைப் பிரித்தேன். மூன்று எலி மண்டை ஓடு, ஒரு மூஞ்சூறு தாடை. அப்பாயி முதலில் எட்டியே நின்றார். "அதையெல்லாம் வீட்டுக்குள்ள கொண்டாராத" என்றார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெல்லக் கிட்டே வந்தார். மண்டை ஓட்டை எண்ணிப் பார்த்தார்.

"இது மூணும் நம்ம வயல்ல புடிச்சதா?" என்று கேட்டார்.

அது தெரியாது அப்பாயி என்றேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம் உள்ளே போய், பரண் மேல் காய்ந்து கிடந்த தென்னை மட்டை எத்தனை இருக்கிறது என்று சித்தப்பாவைப் பார்க்கச் சொன்னார்.